வலசையில் ஒரு பச்சைப் புள்ளி

ஜூன் 9, திங்கள்

உப்பு பாக்கெட்டில் இருக்கும் அன்னப்பறவை இடது பக்கம் பார்க்கிறதாம், வலது பக்கம் பார்க்கவேண்டுமாம். காலை முழுவதும் அச்சகத்தில் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்படியே திருப்பினால் கழுத்து ஒடிந்த மாதிரி இருந்தது. கடைசியில் புதிதாக வரைந்து கொடுத்தேன்.

மதியம் வீட்டுக்கு வந்து மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுக் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். "தேடிக்கிட்டுதான் இருக்காங்க மேடம். தகவல் வந்தா நாங்களே கூப்பிடுவோம்."

என் கணவர் ரெக்சன் ஏறிய சரக்குக் கப்பல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகிற வழியில் மே மாதப் புயலில் மாட்டியது. அன்றிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. அவருக்கு இன்ஜின் அறையில் வேலை. ஆளில்லாத ரப்பர் மிதவை ஒன்று கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அந்த மிதவையில் ஆள் இல்லையென்றால் ஆட்கள் வேறு மிதவையில் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? ரெக்சனின் தம்பி பிரிட்டோவிடம் இதைச் சொன்னேன். அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், கடல் விஷயம் தெரிந்தவன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

ரெக்சன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று வலசையைத் திறந்தேன். அவர் போனபிறகு முதல் முறை.

ஃபார் லேன்ஸ் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. எட்டுப் பேர் ஆளுக்கொரு கிரகத்தில் தொடங்கி, கப்பல் கட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிடித்து, ஒருவரையொருவர் வெல்லவேண்டும். அந்த வானத்தை விளையாடுகிறவர்களே வரைந்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். எங்கே நட்சத்திரம், எதிலிருந்து எதற்குப் பாதை, எங்கே பாறைக்கூட்டம், எங்கே ஒன்றுமே தெரியாத இருட்டு, எல்லாம் வரைகிறவர் இஷ்டம். எட்டுப் பேருக்கும் ஒரே அளவு தூரமும் ஒரே அளவு வளமும் இருக்கவேண்டும். ஆனால் பார்த்தால் அளந்து வைத்த மாதிரி தெரியக்கூடாது. அதுதான் சிரமம்.

ரெக்சனுக்கு விளையாட்டுப் பைத்தியம். எனக்கு வரைகிற கை. கல்யாணமான புதிதில் அவர் கப்பலில் இருக்கும் மாதங்களில் பேசத் தலைப்பு இல்லாமல் போய்விடும் என்று பயந்து ஆரம்பித்தோம். முயல்தீவு, வான்தீவு என்று எங்கள் தூத்துக்குடித் தீவுகளின் பெயரையே எங்கள் வரைபடங்களுக்கு வைத்தோம். வான்தீவை எப்படி உச்சரிப்பது என்று ஒரு பிரேசில்காரன் கேட்டிருந்தான்.

கடைசியாக ஆரம்பித்த வரைபடம் வலசை, பாதியில் நிற்கிறது. வரைகிற தளம் இணையத்தில் இருக்கிறது. ஒரு வரைபடத்தில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவரின் திரையில் புள்ளியாகத் தெரிவார். நான் சிவப்பு. அவர் பச்சை.

இன்று சிவப்பு மட்டும். வடக்கே இரண்டு நட்சத்திரங்கள் வைத்துவிட்டு மூடினேன்.

ஜூன் 14, சனி

எப்படி எழுதுவது?

மதியம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மாமி உள்ளே படுத்திருந்தார். வெயில் சன்னலில் வெள்ளையாக அடித்தது. வலசையைத் திறந்தால் கிழக்கு மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் 'ரெக்சன்' என்ற பெயர்.

அது நகர்ந்தது. ஒரு பாறைக்கூட்டத்தை இழுத்துக் கொஞ்சம் கீழே வைத்தது. நான் மவுசைத் தொட்டேன். என் சிவப்புப் புள்ளி அசைந்ததும் பச்சை அப்படியே நின்றுவிட்டது. பயந்த பல்லி நிற்குமே, அப்படி. பிறகு மறைந்துவிட்டது.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். மாமி எழுந்து வந்து, "யாருளா வந்தா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே" என்றார்.

நான் பேசவே இல்லை. பேசினேனா?

ஜூன் 16, திங்கள்

வந்தார். கொஞ்ச நேரம் இருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

நான் அச்சகத்தில் இருக்கும் நேரத்தில்தான் அதிகம் வேலை நடக்கிறது. வீட்டுக்கு வந்து திறந்தால் மேற்குப் பக்கம் புதிதாக ஒரு கிரகம், இரண்டு பாதைகள். சில நாள் மதியம் நான் உள்ளே போகும்போது இன்னும் இருக்கிறார். என்னைக் கண்டதும் போய்விடுகிறார்.

வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதும் பெட்டி இருக்கிறது. 'எங்கே இருக்கீங்க?' என்று எழுதினேன். பச்சை அதன் பக்கத்தில் வந்து நின்றது. பதில் இல்லை.

பாதைகள் நேர்க்கோடாக இருக்கின்றன. ரெக்சன் எப்போதும் வளைத்துத்தான் போடுவார். நேர்க்கோடு கடலில் கிடையாது என்பார். ஆனால் எந்த ஊரில், யாருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாரோ. கை நடுக்கம் இருக்கலாம். அவசரம் இருக்கலாம். நேராகப் போடுவதுதான் சுலபம்.

ஜூன் 27, வெள்ளி

பிரிட்டோவிடம் சொன்னேன். திரையைக் காட்டினேன். அப்போது பச்சை இல்லை, ஆனால் அன்று காலை வைத்த பாறைகள் இருந்தன. அவன் வெகுநேரம் பார்த்தான்.

"மைனி, அண்ணன் உயிரோட இருந்தா நமக்கு ஒரு போன் போடமாட்டானா?"

"போன் கடலில் போயிருக்கும். நம்பர் யாருக்கு மனப்பாடம் இருக்கு? இந்தப் பாஸ்வேர்டு ஒண்ணுதான் அவருக்கு மறக்காது."

"சரி, கரையில எவன்ட்டயாவது போயி நான் இன்னாருன்னு சொல்லலாம்லா?"

"பிடிச்சு வச்சிருப்பாங்க."

"யாரு?"

"கடல் கொள்ளைக்காரங்க."

"கொள்ளைக்காரன் கம்ப்யூட்டரக் குடுத்து கேம் விளையாடுன்னா சொல்லுவான்?"

நான் துணி மடிக்கப் போய்விட்டேன். அவன் பின்னாலேயே வந்தான். குரலை இறக்கிக்கொண்டான். "மைனி, ஒண்ணு செய்வோம். எந்த ஊர்ல இருந்து உள்ள வாரான்னு அந்த வெப்சைட்காரனுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டா சொல்லிருவான். நானே போடுதேன்."

வேண்டாம் என்றேன். அவர் ஒளிந்திருக்கும் இடம் வெளியே தெரிந்தால் அவருக்கு ஆபத்து.

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: 'வடக்குப் பாதை ரெண்டையும் வளைச்சா நல்லாருக்கும்.' வேறு ஒன்றும் எழுதவில்லை.

மாமிக்குக் கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

வளைந்திருக்கிறது! இரண்டு பாதையும். அவர் வளைக்கிற அதே வளைவு.

அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

காயல்பட்டினம் போய்வந்தேன்.

மர்லியாவின் கணவர் மூஸா நெய்னாவும் அதே கப்பலில்தான் போனார். சமையல் வேலை. மே மாதம் கம்பெனி ஆபீஸில் நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னைவிடச் சின்னவள். என்னை லாத்தா என்று கூப்பிடுவாள், அவர்கள் ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல், கணவருக்கு மச்சான். அவள் தாய்வீட்டில்தான் இருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் அங்கே அப்படித்தான்.

நான் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் ஆறுமுகனேரி வரை யோசித்தேன். அங்கே உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

அவள் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "சொல்லுங்க லாத்தா."

சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து வளைந்த பாதைகளைக் காட்டினேன். இந்த விளையாட்டு அவளுக்குத் தெரியாது. ஆனால் ஓரத்தில் இருந்த ரெக்சனின் பெயரைப் படித்தாள். விரலால் திரையைத் தொட்டாள்.

"இவரு இருந்தா அவங்களும் இருப்பாங்கதானே? ஒரே கப்பல்தானே?"

"ஒரே கப்பல்தான்."

"இவரு இன்ஜின் ரூம்ல, அவங்க அடுக்களையில. ரெண்டும் பக்கத்துலதான்னு மச்சான் சொல்லியிருக்காங்க."

"பக்கத்துலதான் இருக்கும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவர்கள் எல்லாம் கூடிப்பேசி, கப்பல் போனது போனதுதான், இத்தா இருக்கத் தயாராகு என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். கணவன் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் நாட்கள் அவை. "இனி முடியாதுன்னு சொல்லிருவேன் லாத்தா. உயிரோட இருக்கிற ஆளுக்கு யாராச்சும் இத்தா இருப்பாங்களா?"

வரும்போது அவள் உம்மா ஒரு டப்பா நிறைய தம்மடை கொடுத்தனுப்பினார். மாமிக்கு அந்த இனிப்பு பிடித்துவிட்டது.

ஜூலை 9, புதன்

விடியும்வரை விழிக்காமல் தூங்கினேன்.

ஜூலை 26, சனி

மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏற்றினார்கள். கூட்டத்தில் மாமியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடி மேலே போகும்போது எல்லாரும் கையெடுத்தார்கள். மாமி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் சொன்னார். "ஏளா பெர்னா, திருநாள் முடியட்டும். பிள்ளைக்கு ஒரு பூசை குடுத்துருவோம்."

"எதுக்கு மாமி? சுகத்துக்கா?"

"ஆன்மாவுக்கு."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. மகனைச் சாகடிக்க அவசரப்படும் தாயை நான் பார்த்ததில்லை என்றேன். எழுதிவிட்டேன்.

மாமி அழவில்லை. சாமிப்படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா? எனக்கு அன்னைக்கே வயித்துல கல்லு விழுந்துட்டு. நீ இன்னும் அவனப் போவவிடாம பிடிச்சிவச்சிருக்க" என்றார்.

நான் பிடித்துவைக்கவில்லை. அவர்தான் வருகிறார்.

ஜூலை 30, புதன்

மர்லியா கூப்பிட்டாள். பெரிய வாப்பாவுடன், அதாவது அவள் பெரியப்பாவுடன், சண்டையாம். அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். "பரவாயில்ல லாத்தா. மச்சான் வந்தபெறகு அவங்க முகத்த எங்க கொண்டுபோய் வச்சிக்கிறாங்கன்னு பாப்போம்" என்று சிரித்தாள். மூஸா நெய்னாவின் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாளாம்.

அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தம்மடை நன்றாக இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கம்பெனியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். இந்த முறை அந்தப் பெண் இல்லை, ஓர் ஆண். தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். வருத்தம் தெரிவித்தார். நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் பச்சை உள்ளே இருந்தது. நான் மவுசைத் தொடாமல் குறிப்புப் பெட்டியில் மட்டும் எழுதினேன்.

'தேடுறத நிறுத்திட்டாங்களாம். மாமி உங்க ஆன்மாவுக்குப் பூசை குடுக்கணும்ங்கிறாங்க. நான் சம்மதிக்கல. நீங்க பேச வேண்டாம், எங்கே இருக்கீங்கன்னு சொல்லவும் வேண்டாம். உயிரோட இருந்தா நடுவில இருக்கிற சூரியனக் கொஞ்சம் நகர்த்துங்க. அது போதும்.'

பச்சை அசையவில்லை. அடுக்களையில் மாமி தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பச்சை கிளம்பியது. மிக மெதுவாக நடுவை நோக்கி வந்தது. சூரியனின் மேல் ஏறி நின்றது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

சூரியன் நகரவில்லை.

பச்சை அங்கேயே நின்றது. துருவும் சத்தம் நின்றுபோய், மாமி ஏதோ கேட்டார். பிறகு குறிப்புப் பெட்டியில் என் எழுத்துக்குக் கீழே ஒரு சொல் வந்தது.

'அக்கா'

ரெக்சன் என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு வந்தவற்றை நான் படித்திருக்க வேண்டியதே இல்லை. 'அக்கா நான் ரெக்சன் அண்ணை இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாது. அண்ணைக்கு என்ன நடந்தது?' கீழே ஒரு போன் நம்பர். இலங்கை நம்பர்.

ஆகஸ்ட் 9, சனி

மாமிக்கு மாத்திரை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரிட்டோவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த நம்பருக்குப் பேசினேன்.

பெயர் நிரோஜன். பருத்தித்துறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் எடுக்கிறவர். ஃபார் லேன்ஸ் வழியாகத்தான் ரெக்சனுக்குப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. ரெக்சன் கப்பலில் வேலை செய்கிறார் என்று மட்டும்தான் தெரியும், என்ன கப்பல் என்று தெரியாது.

"அண்ணை கப்பல் ஏற முந்தி எனக்கு எழுதினவர் அக்கா. உங்கட கலியாண நாள் ஆகஸ்ட் கடைசியில வருதாம். அதுக்கு முந்தி இந்த வரைபடத்தை முடிச்சு, உங்கட பேரைப் போட்டு வெளியில விடவேணும் எண்டு. தனக்குக் கடல்ல நெட் கிடைக்காது, நீ செய் எண்டு தன்ர பாஸ்வேர்டைத் தந்தவர். உங்களுக்குத் தெரியவே படாது எண்டு சத்தியம் வாங்கினவர்."

நான் உள்ளே வரும்போதெல்லாம் ஓடியது அதனால்தான்.

"நான் எழுதினதெல்லாம் பார்த்தீங்களே. எங்கே இருக்கீங்கன்னு கேட்டேனே."

"பாத்தனான். நீங்கள் அண்ணையோட பகிடிக்கு எழுதுறீங்கள், அவர் வேற வழியால உங்களோட கதைக்கிறார் எண்டுதான் நினைச்சன். பாதையை வளைக்கச் சொன்னீங்கள், நல்ல யோசனை எண்டு வளைச்சன். வெள்ளிக்கிழமை வாசிச்சாப் பிறகுதான்..."

பின்னால் கோழி கத்தியது.

"சூரியன் மேல வந்து நின்னீங்களே" என்றேன்.

"ஓம். நகர்த்துவம் எண்டுதான் வந்தனான். நகர்த்தினா நீங்கள் சந்தோசப்படுவீங்கள்."

"பிறகு ஏன் நகர்த்தல?"

"நாளைக்கும் நகர்த்த வேணுமே அக்கா."

பிரிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நிரோஜன் தானாகவே சொன்னார். அவருடைய மூத்த அண்ணன் சண்டை முடிந்த வருடத்தில் காணாமல் போனவர். "எங்கட அம்மா இண்டைக்கும் படத்தைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்குறா. ஆராவது ஒருத்தர் வந்து, வவுனியா முகாமில கண்டனான், வெலிக்கடைச் சிறையில கண்டனான் எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். அண்டைக்கு அம்மா ஒரு ஆளின்ர சோத்தைக் கூடப் போட்டு வைப்பா. சொல்லுற ஆக்கள் நல்ல மனசோடதான் சொல்லுறவை. ஆனா அடுத்தநாள் விடியவும் அந்தச் சோறு அப்பிடியே இருக்கும்."

பிறகு கேட்டார். "அண்ணை நல்லாச் சிரிப்பாரோ? எழுத்தில எப்பவும் பகிடிதான். குரல் கேட்டதில்லை."

சிரிப்பார் என்றேன். பிரிட்டோ போனை வாங்கி, அண்ணன் எப்படிச் சிரிப்பான் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்த் துணிகளை எடுத்தேன். ஒன்றும் காய்ந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காயல்பட்டினம்.

போனில் சொல்லியிருக்கலாம் என்றான் பிரிட்டோ. நேரில் போய்க் கொடுத்ததை நேரில் போய்த்தான் எடுக்கவேண்டும்.

மர்லியா என்னைக் கண்டதும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "லாத்தா, உங்க முகமே சரியில்லையே" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நிரோஜன் யார், பாஸ்வேர்டு எப்படிப் போனது, பாதை எப்படி வளைந்தது. அவள் கேட்டுக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்துவிட்டார். "இப்ப வந்து இதச் சொல்றியே, எம்புள்ள குடும்பத்தையே பகைச்சிக்கிட்டு நிக்கிறாளே! வெளையாட்டுச் சாமானப் பாத்துட்டு வந்து ஒருத்தி உசுரோட வெளையாடுவாங்களா? நீயும் பொம்பளதானே?"

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நின்று வாங்கிக்கொண்டேன்.

"உம்மா, நீங்க போங்க" என்றாள் மர்லியா.

அவர் போனபிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். சுவரோரம் இஸ்திரி போட்ட சட்டைகள் தொங்கின.

"எனக்கு உங்க மேல கோவமா இருக்கு லாத்தா."

"இருக்கணும்."

"முன்ன வந்து சொன்னதுக்குக் கோவமா, இப்ப வந்து சொல்றதுக்குக் கோவமான்னுதான் தெரியல." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நீங்க வரலன்னாலும் நான் வேற யாரையாச்சும் கண்டுபுடிச்சிருப்பேன். கனவு கண்டவங்க, பால் கிதாபு பாத்துக் குறி சொல்றவங்க, யாரையாச்சும். நம்பணும்னு நான் உக்காந்திருந்தேன், நீங்க வந்தீங்க. அவ்வளவுதான்."

"என்னை மன்னிச்சிரு மர்லியா."

"அந்த ஒரு மாசம் நான் நல்லா தூங்குனேன் லாத்தா. அதையும் பொய்னு சொல்லிராதீங்க."

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். பெரிய வாப்பாவைத் தானே போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். அதன்பிறகு இத்தா. "நாலு மாசம் பத்து நாள் யாரும் பாக்க முடியாது. ஆனா போன் பேசலாம். நீங்க பேசுவீங்கதானே?"

பேசுவேன் என்றேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் கேட்கவில்லை. ஏன் நீட்டினார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எங்கள் கல்யாண நாள். இன்று பூசை.

நானே போய்க் கோயில் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவந்தேன். மாமி சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தார். பிரிட்டோ முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தான். ஃபாதர் பெயரை வாசிக்கும்போது மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. 'ரெக்சன்' என்பது 'ரெக்ஸன்' என்று விழுந்தது. அவர் இருந்தால் திருத்தியிருப்பார்.

மாமி என் கையைப் பிடித்தார். அல்லது நான் பிடித்தேன். நன்மை அப்பம் வாங்கப் போகும்போதுகூட விடவில்லை.

வீட்டுக்கு வந்து, "அன்னைக்கு நான் பேசினது தப்பு மாமி" என்றேன்.

"என்ன பேசின? எனக்கு ஓர்மையில்ல" என்றார். பிறகு, "பிரிட்டோ இறால் வாங்கியாந்திருக்கான், உரிக்கணும், வா" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

நிரோஜன் எழுதியிருந்தார். வலசையை அப்படியே விட்டுவிடுவதா, முடிப்பதா என்று கேட்டிருக்கிறார். அண்ணையின் பெயரில் இனி உள்ளே வர மனம் வரவில்லையாம்.

எனக்கும் அதே. நேற்று பச்சை ஒரு கணம் தெரிந்தது, ஏதோ சரிபார்க்க வந்திருப்பார். யார் என்று தெரிந்திருந்தும் என் உடம்பு எழுந்து நின்றுவிட்டது.

அவர் தன் சொந்தப் பெயரில் வரலாம். ஆனால் இரண்டு பேருக்குத்தான் இடம். அவரைச் சேர்க்கவேண்டுமானால் ரெக்சனை நீக்கவேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று முடியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

அச்சகத்தில் வேலை அதிகம்.

செப்டம்பர் 12, வெள்ளி

மர்லியாவோடு போனில் பேசினேன். பெரிய வாப்பா அவள் தலையில் கைவைத்தாராம். பகல்தான் நீளமாக இருக்கிறது என்றாள். "நீங்க என்ன லாத்தா செய்றீங்க?" வரைபடத்திலிருந்து ஒரு பெயரை எடுக்கவேண்டும், எடுக்க முடியவில்லை என்றேன். "எடுத்துட்டா அவரு செஞ்சதெல்லாம் போயிருமா?" என்று கேட்டாள். தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, காப்பி குடித்துவிட்டு லேப்டாப்பை எடுத்தேன். மாமி முருங்கைக்கீரையை மடியில் வைத்து உருவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இதுவரை ஒருநாளும் இந்தத் திரையைப் பார்க்க வந்ததில்லை.

"இதுலதான் அவன் வந்தானா?"

"அவர் வரல மாமி. அந்த இலங்கைத் தம்பி."

"தெரியும். பிரிட்டோ சொன்னான்." சிறிது நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ராத்திரி கடல்ல நின்னா இப்பிடித்தான் இருக்கும்னு அவன் அப்பா சொல்லுவாவ."

ரெக்சனின் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானைத் தொட்டதும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. என் கை நின்றுவிட்டது.

"என்னளா எழுதியிருக்கு?"

படித்துச் சொன்னேன். "இவரை நீக்கினா இனி உள்ளே வர முடியாது. இவர் செஞ்சதெல்லாம் அப்படியே இருக்கும். நீக்கவா?"

மாமி கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "செஞ்சதெல்லாம் இருக்கும்னுதான போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்பொ சரி. அமுக்கு."

அமுக்கினேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. உப்பளத்தில் இந்த வருட வேலை முடிந்தது என்று அச்சகத்திலும் ஆர்டர் குறைவு. மதியமே அனுப்பிவிட்டார்கள்.

நிரோஜன் இப்போது ஆரஞ்சுப் புள்ளி. வந்ததும் வணக்கம் அக்கா என்று எழுதுகிறார், போகும்போது போட்டு வாறன் என்று எழுதுகிறார். நல்ல கணக்குப்பிள்ளை. எட்டுப் பேருக்கும் தூரம் சரியாக வருகிறதா என்று அளந்துகொண்டே இருக்கிறார். தெற்குப் பக்கம் இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது, பிறகு வெளியிட்டுவிடலாம். மூன்று பேரின் பெயரையும் போடவேண்டும் என்று முடிவு செய்தோம். யார் பெயர் முதலில் என்று பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

டியூசன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று அவர் கிளம்பினார். மாமி தூங்கிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. வேலையும் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் திரையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.